கேன் தண்ணீர்

சாயப்பட்டறை வந்த பிறகு காலனிக் கிணறு சிவந்துவிட்டது. மாராத்தாள் கொடுத்த நாலாவது மனுவுக்குத்தான் ஓர் அதிகாரி வந்தார். கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, மூடி, சீட்டு ஒட்டினார். வெயிலில் அவர் உதடு காய்ந்திருந்தது. அவள் டம்ளரை நீட்டினாள்.

“வேண்டாம்மா.”

கிணற்றுத் தண்ணீர் என்று பயப்படுகிறார்போல.

“கேன் தண்ணிங்க சார். உங்களுக்குன்னே வாங்கியாந்தேன். மூடி சீல் இப்பத்தான் உடைச்சேன்.”

“பரவால்லம்மா, தாகமில்ல.”

அவர் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். மாராத்தாள் டம்ளரோடு வாசலிலேயே நின்றாள்.

வண்டி காலனியைத் தாண்டி, ஊரின் முதல் வீட்டு முன்னால் நின்றது. அந்த வீட்டு அம்மாள் செம்பு கொண்டுவந்தாள். அவர் அண்ணாந்து குடித்தார்.

அந்த வீட்டுக் கிணற்றுக்கும் இதே ஊற்றுதான். நிறம் மட்டும் இன்னும் அங்கே வந்து சேரவில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்துச் செத்த அவர்கள் கன்றைப் போன வாரம் இழுத்துப்போய்ப் புதைத்தவள் மாராத்தாள்தான்.

“சார், அது வேண்டாங்க!”

அவள் கத்திக்கொண்டே ஓடினாள். கையிலிருந்த டம்ளர் தண்ணீர் வழியெல்லாம் சிந்தியது. அவர் இரண்டாவது செம்பு கேட்டுக்கொண்டிருந்தார்.