முதல் ஒரு நிமிஷம்

“அரே முகுந்த், உங்க கார் மேல கம்ப்ளைண்ட் வந்திருக்கு,” என்றார் கோவிந்தராஜ். பிம்ப்ரியில் அந்தக் குடியிருப்பின் செகரட்டரி அவர். எந்தப் பஞ்சாயத்தையும் பொறுமையாகத்தான் ஆரம்பிப்பார்.

“என் கார் மேலயா? அது ஹைபிரிட், பாதி நேரம் பேட்டரியில ஓடறது, அங்கிள்.”

“அதேதான். தினம் காலையில நின்ன இடத்துலயே எஞ்சின் ஓடுதாம். மேல ஜன்னலோரம் ஒரு குழந்தை தூங்குது. நீங்க கிளம்பிப் போனப்புறம் அரை மணி நேரம் இருமுதாம். காரை கேட் பக்கம் மாத்தச் சொல்றாங்க.”

முகுந்துக்குச் சுருக்கென்றது. சாகணில் ஒரு கார் தொழிற்சாலையில் இந்த மாதிரி எஞ்சின்களைச் சோதித்துத் திருத்துவதுதான் அவன் உத்தியோகம். போதாததற்கு, கூரை போட்ட அந்த இடம் கிடைக்க இரண்டு வருஷம் காத்திருந்தவன்.

“பழைய டீசல் வண்டியை எல்லாம் விட்டுட்டு என்னைப் பிடிச்சாங்களா? நல்லதுக்குக் காலமில்ல, அங்கிள். புகையைச் சுத்தம் பண்ற டப்பா ஒண்ணு வண்டிக்கு அடியில இருக்கு. அது சூடானாத்தான் வேலை செய்யும். அதுக்காகத்தான் எஞ்சினை லேசா ஓடவிட்டு, முதல்ல அதைச் சூடாக்கறோம். ஒரே ஒரு நிமிஷம். அப்புறம் ஊர் பூரா சுத்தமாப் போகும்.”

பலமுறை சொல்லிப் பழகிய விளக்கம். தங்குதடையில்லாமல் வந்தது.

“சரி. அது சூடாகற வரைக்கும்?”

முகுந்த் தயங்கினான். “அந்த ஒரு நிமிஷம் கொஞ்சம் அழுக்காத்தான் வரும்.”

“அந்த ஒரு நிமிஷம் தினமும் அதே ஜன்னலுக்குக் கீழதானே?”

நியாயம் அவனுக்கும் புரிந்தது. புரிந்ததை ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

“யாரு, எங்க வீட்டுக்கு மேல் மாடி பரமசிவமா? அந்த மனுஷனுக்கு என்னைக் கண்டாலே ஆகாது.”

“பேரு அப்புறம் இருக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?”

“இடத்தை விடமாட்டேன். அவங்க வேணும்னா ஜன்னலைச் சாத்திக்கட்டும்.”

கோவிந்தராஜ் புகார் நோட்டைத் திருப்பி அவன் முன்னால் வைத்தார். பரமசிவத்தின் கையெழுத்தைத் தேடிக்கொண்டே முகுந்த் குனிந்து படித்தான்.

‘எங்கள் காரைத் தயவுசெய்து கேட் பக்கம் மாற்றிக் கொடுங்கள். வீட்டில் மூன்று தடவை சொல்லிவிட்டேன். மூன்று தடவையும் விளக்கம்தான் கிடைத்தது. இப்படிக்கு, ஸ்நேஹா முகுந்த்.’