ஏழாவது துளை

கோளரங்கத்தில் காட்சி நடத்துகிறவர் ஊசியும் கையுமாக நட்சத்திர உருண்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். உருண்டைக்குள் விளக்கைப் போட்டால், துளைகள் வழியே வரும் வெளிச்சம்தான் கூரையில் நட்சத்திரமாக விழும். கார்த்திகைக் கூட்டத்தின் ஆறு துளைகளில் தூசு எடுக்கும்போது தும்மல் வந்து கை தவறியது. ஏழாவதாக ஒரு துளை விழுந்துவிட்டது.

காட்சியில் ஒரு அம்மாள் விடவில்லை. "ஆறுதானே சார்? ஏழு தெரியுதே."

இருட்டில் முகம் தெரியாத தைரியத்தில் அவர் அளந்துவிட்டார். "இளசான கூட்டம்மா அது. இது இப்பதான் பொறந்திருக்கு."

அரங்கமே கைதட்டியது. அவருக்குக் காதுமடல் சுட்டது.

பொழுது சாய்ந்து இருட்டியதும் வீட்டு மொட்டைமாடியிலிருந்து மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, கார்த்திகையில ஒண்ணு அதிகமா இருக்கு பாருங்க. குட்டியா."

மேலே போய் அண்ணாந்து பார்த்தார். இருந்தது. வாயைத் திறந்தால் மானம் போகும் என்று கீழே இறங்கிவிட்டார்.

மறுநாள் முதல் வேலையாகக் கறுப்பு மையைப் பெருவிரலில் தொட்டு அந்தத் துளையை அடைத்தார். விளக்கை இன்னும் போடவில்லை. ஆனாலும் அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

அன்று இருட்டியபின் மனைவி கொடியில் துணி எடுக்க மறந்து வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாவங்க, அந்தக் குட்டியைக் காணோம்."

"மேகம் மறைச்சிருக்கும்" என்றார். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"சரி, இதைப் பிடிங்க" என்று வெள்ளைப் போர்வையின் ஒரு முனையை நீட்டினாள்.

அவர் கை நீட்டவில்லை. நாலு தடவை சோப்புப் போட்டும் கறுப்பு போகாத பெருவிரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.