ஏரிப் படத்துக்கு எந்த பார்டர்?

“உனக்குக் காது கேக்குதா இல்லையாக்கா? சர்வேயர் சீட்டுல வெள்ளை பார்டர்னு எழுதியிருக்கே. அவர் சம்சாரம் சீட்டுல கறுப்பு. ரெண்டையும் அப்படியே மாத்தி எழுதி வெச்சிருக்கே.”

பிரேம் கடைக்காரருக்கு எரிச்சல். கடைக்கு வருகிற ஆர்டரைச் சீட்டில் எழுதுவது அவருடைய அக்காதான். கேட்டுத்தானே எழுதினேன் என்று அவள் ஆரம்பித்தாள். அவர் பேச விட்டால்தானே.

சர்வேயரையும், மருந்துக் கடை வைத்திருக்கும் அவர் மனைவியையும் கடைக்காரருக்கு இருபது வருடமாகத் தெரியும். எங்கே போய்விட்டு வந்தாலும் ஒரு படம் எடுத்து வருவார்கள். மலை, வயல், கடற்கரை என்று ஏதாவது ஒன்று. பிரேம் போட வந்ததும் சண்டை தொடங்கிவிடும்.

படத்தைச் சுற்றிக் கறுப்பு அட்டை வைத்தால்தான் வானத்துக்கு ஆழம் வரும், தண்ணீர் மின்னும் என்பார் அவர். கறுப்பு வைத்தால் பட்டப்பகல்கூட இருட்டிவிடும், வெள்ளை வைத்தால்தான் படம் மூச்சு விடும் என்பாள் அவள். அரைமணி நேரம் மல்லுக்கு நின்றுவிட்டு, கடைசியில் இருவருக்குமே பிடிக்காத சாம்பல் நிறத்தில் போட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

இப்போது அந்த வம்பும் இல்லை. நாலு மாதமாக அவர் ஒரு வீட்டில், அவள் ஒரு வீட்டில். கடைசியாகச் சேர்ந்து போனபோது எடுத்த ஏரிப் படத்தை மட்டும், ஆளுக்கு ஒரு பிரதியாகத் தனித்தனியே வந்து கொடுத்திருந்தார்கள். ஆளில்லாத ஒரு படகு. அதற்குப் பின்னால் மங்கலாக அக்கரை. விடிகிறதா, பொழுது சாய்கிறதா என்று சொல்ல முடியாத வெளிச்சம்.

“ஒரு அட்டை நிறத்துல விட்டுக்கொடுக்க மாட்டாங்க. இவங்க எப்படிக்கா குடும்பம் நடத்துவாங்க? இப்பவாவது அவங்கவங்க இஷ்டப்படி மாட்டிக்கட்டும்.”

சீட்டில் இருந்ததை அடித்துத் திருத்தினார். அவருக்குக் கறுப்பு, அவளுக்கு வெள்ளை என்று கச்சிதமாக வேலையை முடித்தார்.

மறுநாள் காலையில் சர்வேயர் வந்தார். சட்டைப் பொத்தானை ஓட்டை மாற்றிப் போட்டிருந்தார். வீட்டில் பார்த்துச் சொல்ல ஆளில்லை போலிருக்கிறது. காகிதத்தைப் பிரித்துப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சீட்டு மாறிப்போனதையும், அதைத் தான் கண்டுபிடித்ததையும் கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்.

“உங்க ருசி எனக்குத் தெரியாதா சார்?”

“உங்களுக்குத் தெரியாம இருக்குமா” என்றார் சர்வேயர். அதே காகிதத்தில் படத்தைத் தானே சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த மனுஷன் முகமே சரியில்லை என்றாள் அக்கா. தனியாகப் பொங்கித் தின்கிறவர் முகம் வேறு எப்படி இருக்கும் என்று கடைக்காரர் அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

சாயங்காலம் சர்வேயரின் மனைவி வந்தாள். பிரித்துப் பார்த்ததும் படத்தை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

“நான் கறுப்புன்னுதானே சொன்னேன்?”

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீங்களா? கறுப்பைக் கண்டாலே உங்களுக்கு ஆகாதேம்மா.”

“இப்பவும் ஆகாதுதான்.” அவள் வெள்ளை அட்டையின் ஓரத்தை விரலால் தடவினாள். “சண்டை போட்டுட்டே இருந்தோம்னுதான் பிரிஞ்சோம். இப்ப நான் என்ன சொன்னாலும் இல்லைன்னு சொல்ல ஆளில்லை. வீடு வாயடைச்சுக் கெடக்குது. அவர் நிறமாவது சுவத்துல இருக்கட்டும், தினமும் அதுகூட மல்லுக்கு நிக்கலாம்னு நினைச்சேன்.”

கடைக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது. பத்து நிமிஷத்தில் அட்டையை மாற்றித் தருவதாகச் சொன்னார். கத்தியைக் கையில் எடுத்தவருக்கு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“அவர் படம் முடிஞ்சுதா?” என்று கேட்டாள்.

“காலையிலேயே வாங்கிட்டுப் போயிட்டார்மா. கறுப்புதான் போட்டுக் கொடுத்தேன்.”

“சந்தோஷமா வாங்கிட்டுப் போயிருப்பார். ஒரு தடவையாவது அவர் இஷ்டப்படி நடந்துச்சே.”

கடைக்காரர் குனிந்துகொண்டார். அக்காதான் எழுந்து வந்து, அடித்துத் திருத்திய சர்வேயரின் சீட்டை அவளிடம் நீட்டினாள்.

“அவர் வெள்ளைதாம்மா கேட்டார். நம்ப முடியாம ரெண்டு தடவை கேட்டு எழுதினேன்.”