தொடக்கக் கோட்டில் பூசணிக்காய்

கராஜில் இருந்தவர்கள்: ஓட்டுநர் விஷால், மெக்கானிக் கன்னியப்பன், விஷாலின் அத்தை சாமுண்டீஸ்வரி, ஒரு கார், ஒரு திருஷ்டிப் பூசணிக்காய்.

தேசிய சாம்பியன்ஷிப்பின் கடைசிப் பந்தயம். புள்ளிகளில் விஷால்தான் முன்னால். இதில் ஆவடி பிரசன்னா ஜெயித்தால் கோப்பை அவனுக்குப் போய்விடும்.

சாயங்காலம், மற்ற கார்கள் வரிசைக்கு வந்துவிட்டன.

அத்தை பூசணிக்காய் மேல் கற்பூரம் ஏற்றி, விஷாலுக்கு மூன்று முறை சுற்றினாள். நேராக நடந்துபோய்த் தொடக்கக் கோட்டில் ஓங்கிப் போட்டு உடைத்தாள்.

பூந்தமல்லி தாண்டியிருக்கும் அந்த டிராக்கில் எத்தனையோ போட்டிகள் நடந்திருக்கின்றன. மழைக்கு நின்றிருக்கின்றன. மாட்டுக்கு நின்றிருக்கின்றன. காய்கறிக்கு நின்றதில்லை.

துடைப்பத்தோடு ஓடிவந்த டிராக் வேலையாட்களை அத்தை தடுக்கவே இல்லை.

"தொடு நைனா, தொடு. எவன் தொடுறானோ, எம்புள்ள மேல கீற திருஷ்டி மொத்தமும் அவன் ஊட்ல போய் குந்திக்கும்."

அவர்களில் பட்டாபிராம் பையன்கள் துடைப்பத்தை அயனம்பாக்கம் பையன்களிடம் நீட்டினார்கள். அவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

பிரசன்னா காரை விட்டு இறங்கி, தானே குனிந்தான். பார்வையாளர் பகுதியிலிருந்து அவன் அம்மா அலறினாள். நிமிர்ந்துவிட்டான்.

தலைமை அதிகாரி ஜேம்ஸ், தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சத்தமாக அறிவித்துத் துடைப்பத்தை வாங்கினார். அடுத்த வாரம் மகளுக்குக் கல்யாணம். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

வெளிச்சம் போனது. விளக்கில்லாத டிராக். பந்தயம் ரத்து; இருக்கிற புள்ளிகளின்படி விஷால் சாம்பியன் என்றது ஒலிபெருக்கி.

ஜேம்ஸ் தேசியக் கொடியோடு கராஜுக்கு வந்தார். சாம்பியன் தன் காரில் ஒரு சுற்று வர வேண்டும், அதுதான் வழக்கம். மெதுவாக ஓட்டலாம், பூசணிக்காயைச் சுற்றிப் போகலாம்.

கன்னியப்பன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் குறுக்கே நின்றான்.

அவனுக்குப் பின்னால், காலைப் பயிற்சியில் உடைந்த கியர்பாக்ஸ் ஒரு சாக்கின் மேல் துண்டு துண்டாகக் கிடந்தது. மாற்று கியர்பாக்ஸ் கிடையாது. அது தெரிந்ததும் பூந்தமல்லி மார்க்கெட்டுக்கு ஓடிப்போய்ப் பூசணிக்காய் வாங்கி வந்ததே அவன்தான்.

"புள்ளைக்கு வயித்தால போவுது சார்" என்றாள் அத்தை.

"எனக்கா?" என்றான் விஷால்.

அத்தை தேசிய சாம்பியனைக் கழிவறைக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டினாள்.