வனஜா மேடத்தின் கொஞ்சல்

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு..."

"நீங்க கேளுங்க! 'உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா பூபதி'ன்னு கொஞ்சறா உங்க மேனேஜரு. என் காதாலயே கேட்டனுங்க!"

பூபதி குளிக்கப் போயிருந்தபோது போன் அடித்தது. அவன் வேலை பார்க்கும் பனியன் கம்பெனி கொடுத்திருந்த காதுக்கருவியை மனைவி கோகிலா தன் காதில் செருகிக்கொண்டாள். கேட்டதிலிருந்து வயிறு எரிந்தது.

"அது வனஜா மேடம் பேச்சே இல்ல கோகி. அவங்கன்னு இல்ல, யாரு திட்டினாலும் இந்த மிஷின் அதை நல்ல பேச்சா மாத்திக் குடுக்குது. திட்டு தாங்காம பாதிப் பேரு வேலையை விட்டு ஓடிட்டாங்கன்னுதான் இதையே குடுத்தாங்க."

"சோறு திங்கறப்பக்கூடக் கழட்ட மாட்டேங்கறீங்களே, திட்டு வாங்கவா?"

மறுபடி போன் அடித்தது. பூபதி கருவியை அணைத்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"உன்னை விட்டா எனக்கு வேற ஆளே கிடைக்கலையாடா, எருமை! சாயம் ஒத்துப்போகலைன்னு துணி வாங்கற பையர் கத்தறான். உனக்கெல்லாம் எவன் வேலை குடுத்தது?"

வரிசையாக ஐந்து நிமிஷம். பூபதி தலையைக் குனிந்து நின்றான். இந்தப் பொம்பளையைப் பார்த்தா இத்தனை நேரம் பொறாமைப்பட்டோம் என்று கோகிலாவுக்கு வெட்கமாகிவிட்டது. போன் ஓய்ந்ததும் ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தாள். அதைப் பார்த்ததுமே அவன் அவசரமாகக் கருவியை ஆன் செய்து காதில் மாட்டிக்கொண்டான்.

கோகிலாவுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

"ஏனுங்க, இத்தனை நாளா என்கிட்டச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினீங்களே, அது நான் சொன்னதைக் கேட்டா, இல்ல இந்த மிஷின் மாத்திச் சொன்னதைக் கேட்டா?"