பிறக்கவிருக்கும் பேரக்குழந்தை

எழிலரசி சேலத்துக்கு வந்த அன்று காலையிலேயே அதைப் பார்த்துவிட்டாள். காபி டம்ளரைத் தூக்கும்போது அப்பாவின் வலது கை நடுங்கியது. முப்பது வருடம் பஸ் ஓட்டிய கை.

"எத்தனை நாளா இப்படி இருக்குதுங்கப்பா?"

"தை மாசத்துல இருந்து," என்றார் சிங்காரவேலு. "காலும் கொஞ்சம் இழுக்குது."

"டாக்டர்கிட்ட ஏன் போகல?"

அவர் அவள் வயிற்றைப் பார்த்தார். மூன்றாம் மாதம். தாத்தாவின் நோய் மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறிவிட்டால், அதற்குப் பிறகு பிறக்கும் பேரக்குழந்தைக்கு அந்த நோய்க்குக் காப்பீடு கிடையாது என்பது விதி. முன்பே பிறந்துவிட்டால் பாதகமில்லை.

"இன்னும் ஆறு மாசந்தானே கண்ணு. பொறுத்துக்கறேன்."

"அதுக்குள்ள படுத்துட்டீங்கன்னா? மறைக்கிறது தப்புங்கப்பா. அதைக் கண்டுபிடிக்கிறதுதான் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல என் வேலையே."

"உங்கிட்ட மாட்டுனவங்க எல்லாரும் திருடனுங்களா?"

போன வாரம் அவள் நிராகரித்த விண்ணப்பத்திலும் ஒரு தாத்தா தன் நோயை மறைத்திருந்தார். 'ஏமாற்று' என்று ஒரே வார்த்தை எழுதிவிட்டு அவள் சாப்பிடப் போயிருந்தாள்.

போனை எடுத்து மருத்துவமனையில் அப்பாவின் பெயரைப் பதியத் தொடங்கினாள்.

"வேண்டாம் கண்ணு," என்று அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நடுக்கம் அவள் கையிலும் ஏறியது.

'பிறந்த, பிறக்கவிருக்கும் பேரக்குழந்தைகள் எத்தனை?' என்று திரை கேட்டது. பூஜ்யம் என்று போட்டால் அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க வேண்டியவளும் அவள்தான்.

எழிலரசி ஒன்று என்று அழுத்தினாள். அப்பா அவள் கையை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.