பேட்ரிக் உழுத மண்

அயர்லாந்தில் எனக்கு ஒரு மலை, நாற்பது பசு, கடல்வரை நீளும் உருளைக்கிழங்குத் தோட்டம் எல்லாம் உண்டு. பாளையங்கோட்டையில் இதை நம்பாதவர் என் மைத்துனர் ஞானதுரை ஒருவர்தான்.

“அத்தான், புளுகுக்கும் ஒரு அளவு வேணும்” என்பார்.

ஓய்வு பெற்ற மறுநாளே பூர்வீகம் கண்டுபிடித்துச் சொல்லும் கம்பெனிக்கு எச்சிலைப் பரிசோதனைக்கு அனுப்பியவன் நான். அவர்கள் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் துழாவி, என் ஆறாம் தலைமுறைப் பாட்டன் பேட்ரிக் அயர்லாந்தில் உழவன் என்று சான்றிதழே கொடுத்தார்கள். அதை ஊரெல்லாம் காட்டினேன்.

போன மாதம் சட்டம் வந்தது. பதிவேட்டில் அகப்பட்ட மிகப் பழைய மூதாதை எங்கே உழுதானோ, அங்கேதான் ஒருவரைப் புதைக்கலாம். பதிவேடு அகப்படாதவர்களுக்குச் சொந்த ஊரே போதும்.

“என் பெட்டியை இழுக்க நாற்பது பசுவும் துறைமுகத்துக்கு வரும்” என்று அளந்தேன்.

“இந்தச் சட்டமும் ஒங்க மலை மாதிரிதான்” என்று சிரித்துவிட்டு, ஞானதுரை தன் அக்காள் கல்லறைக்குப் பூ வைக்கப் போனார். அவள் பக்கத்து இடம் எனக்கு. கல்லில் என் பெயரையும் வெட்டி, இறக்கும் தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தோம். அங்கே படுக்க வேண்டுமென்றுதான் மகன் கூப்பிட்டும் கனடா போகவில்லை.

திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“சட்டம் நெசந்தான் அத்தான். ஒங்க பேரக் கொத்தி எடுத்துட்டாவ. அக்கா பக்கத்துல வேற யாருக்கோ குழி வெட்டுதாவ.”